சிலேட்டுக்குச்சிச் சத்தம்

அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் நாலைந்து பேர் முகத்துக்கு மேல் எட்டாது. மற்றவர்கள் இருட்டுக்குள் இருப்பார்கள். 1991 கடைசியில் கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், மாரியம்மன் கோயில் கொட்டகையில் என் அறிவொளி மையத்தைத் தொடங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. எதிரே பதினான்கு பெண்கள். பத்துப் பேரின் முகம் கண்ணுக்குத் தெரியாது. எழுதுகிறார்களா, யோசிக்கிறார்களா, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்களா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. காது ஒன்றுதான் துணை. பதினான்கு சிலேட்டுக்குச்சிகள் சேர்ந்து ஓடும்போது கோழி சருகைக் கிளறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எழுத்து கைக்கு வந்துவிட்டால் அது சீராகக் கேட்கும். வராவிட்டால் விட்டுவிட்டுக் கேட்கும். எச்சில் தொட்டு அழிப்பார்கள், வளையல் சிணுங்கும். பிறகு ஒவ்வொரு குச்சியாக நிற்கும். கடைசிக் குச்சி நிற்பதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்தாயிற்று. அறிவொளி, மகளிர் குழு, ஊராட்சித் தலைவிகளுக்கான பயிற்சி, புயல் நிவாரணம். தொண்டர், ஒருங்கிணைப்பாளர், பயிற்றுநர், கருத்தாளர் என்று காலத்துக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். செய்த வேலை ஒன்றுதான். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார்கள், அடுத்த அடி வைக்கத் தயாரா என்று கண்டுபிடிப்பது. அதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று எழுதச் சொன்னால், தவறாகக் கணித்த நாட்களிலிருந்துதான் தொடங்க முடியும்.

எர்ணாகுளம் 1990 பிப்ரவரியில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இறங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னால் நிற்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும், படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்த எங்களைப் போன்ற பிள்ளைகளும் சேர்ந்தோம். சம்பளம் கிடையாது. பகலெல்லாம் நடவு, களையெடுப்பு, கல்லுடைப்பு என்று போய்வந்த பெண்கள் இரவுச் சோற்றை வடித்துவைத்துவிட்டு, இடுப்பில் பிள்ளையோடு மையத்துக்கு வருவார்கள்.

1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் இதற்கெல்லாம் ஓர் அளவு வகுத்திருந்தது. மூன்று பாகப் பாடநூல், சுமார் 200 மணி நேரம். முடிவில் நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பார்த்து எழுதுவதற்கும் சொல்லக் கேட்டு எழுதுவதற்கும் இப்படியே நிமிடக் கணக்கு உண்டு. அந்த முறைக்கு வைத்த பெயரிலேயே கற்றலின் வேகத்தைக் கூட்டுவது என்ற சொல் இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாடு முழுமைக்கும் ஒரு வேலையைச் செய்யும்போது ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும்தான். ஆனால் கடலை பறிப்பு நடக்கிற நாளில் ஒரு பெண்ணின் விரல் நுனி எப்படி இருக்கும் என்று அந்த அளவுகோலுக்குத் தெரியாது. செடியிலிருந்து பகல் முழுக்கக் கடலை ஆய்ந்த விரலில் நகக்கண் எரியும். குச்சியைப் பிடித்தால் அழுத்தம் கொடுக்க முடியாது. எங்கள் மையத்தில் அந்த வாரங்களில் குச்சிச் சத்தம் பாதியாகக் குறைந்தது. மந்தமாகிவிட்டார்கள் என்று நினைத்துச் சத்தம் போட்டு நடத்தினேன். ஒரு அக்கா என் கையைப் பிடித்துத் தன் விரல் நுனியில் வைத்து அழுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கடலை நாட்கள் முடியும்வரை எழுத்தை நிறுத்திவிட்டு வாசிப்பும் வாய்க்கணக்குமாக நடத்தினேன்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. எங்கள் பாடநூலின் தொடக்கத்திலேயே 'பட்டா' என்ற சொல் வரும். மண்ணோடு உழல்கிறவர்களுக்கு மண்ணைப் பற்றிய சொல்லையே முதலில் கொடுக்க வேண்டும் என்பது அதன் பின்னாலிருந்த நினைப்பு. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்த கதையைப் பயிற்சி முகாமில் எங்களுக்குச் சொன்னார்கள். வாழ்க்கையிலிருந்து ஒரு சொல்லை எடு, அதைப் பற்றிப் பேசவிடு, பேச்சு சூடாகும்போது எழுத்துக்கு வா என்பது அவர் வழி. நான் அதை அப்படியே செய்தேன். சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு, "யார் வீட்டுல பட்டா இருக்கு? யார் பேருல இருக்கு?" என்று கேட்டேன்.

குச்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

நான் கேள்வி புரியவில்லை என்று நினைத்தேன். குரலை உயர்த்தி மறுபடி கேட்டேன். இன்னும் எளிதாக்கிக் கேட்டேன். பட்டா என்றால் என்ன என்று விளக்கினேன். கொட்டகைக்குள் பேச்சு மூச்சு இல்லை. ஒரு குழந்தை அழுதது. அதன் அம்மா எழுந்து போய்விட்டார். எட்டே கால் டவுன் பஸ் போகிற சத்தம் கேட்டதும், "பஸ்ஸே போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டு எல்லோருமாக எழுந்தார்கள். மறுநாள் எட்டுப் பேர்தான் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஆறு.

ஊரில் ஒரு அப்பாயி எங்கள் மையத்துக்குப் படிக்க வராமல், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர்தான் கிணற்றடியில் என்னை நிறுத்தினார். "ஏத்தா, ஒரே பங்காளி வீட்டுப் பொம்பளைங்க நாலு பேரு உங்கிட்ட வந்து ஒக்காந்திருக்காக. மூணு வருஷமா அந்த வடக்கு வயக்காட்டு வழக்கு ஓடுது. ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கெடயாது. ஒன் வெளக்குக்கு முன்னாடிதான் ஒண்ணா வந்து ஒக்காந்தாக. அங்ஙன வச்சு நீ பட்டா யாரு பேருலன்னு கேட்டா?"

அவ்வளவு நேரமும் அவர்களுக்குப் புரியவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கொட்டகையில் என்னைத் தவிர எல்லோருக்கும் புரிந்திருந்தது. எழுத்தே தெரியாத பெண்கள் எனக்காகவும் ஒருவர் மற்றவருக்காகவும் வாயை மூடிக்கொண்டு ஒரு சண்டையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதை மந்தம் என்று எண்ணிக் குரலை உயர்த்தினேனே என்று இன்றைக்கும் உறுத்துகிறது. வராமல் போனவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். பட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்துக்கட்டைப் பற்றியும் பிள்ளையின் சிரங்கைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன். பத்து நாளில் திரும்ப வந்தார்கள். 'ப'வையும் 'ட'வையும் படி, பட்டம், பாட்டி என்ற சொற்களிலிருந்து எடுத்தோம். ஆறு மாதம் கழித்து, வாசிக்கத் தெரிந்த பிறகு, அந்த நாலு பேரில் ஒருவர் சேலை மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, மற்றவர்கள் பார்க்கவே என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு நான் வாசிக்கிறேன், சரியான்னு சொல்லு" என்றார். அது பட்டா நகல்.

அதற்குப் பிறகு கூட்டத்தில் மௌனம் வந்தால் உடனே எதையும் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். மௌனத்தில் பல சாதி உண்டு. கேள்வி மண்டைக்குள் போய் வேலை செய்துகொண்டிருக்கும்போது வருகிற மௌனத்தில் கை ஏதாவது செய்துகொண்டிருக்கும். முந்தானை நுனியைத் திருகும், தரையில் கோடு போடும், பிள்ளையின் தலையில் பேன் பார்க்கும். அதைக் கலைக்கவே கூடாது. பயத்தில் வருகிற மௌனத்தில் கை அசையாது. கண்கள் ஒரே ஒருவரை நோக்கிப் போகும். அந்த ஒருவர் யாரென்று கண்டுபிடித்துவிட்டால் கூட்டத்தின் பூட்டு எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். சலிப்பு வந்தால் பார்வை வாசலுக்குப் போகும், சேலையைத் தட்டி விட்டுக்கொள்வார்கள்.

தயாராகிவிட்டதற்கும் அடையாளம் உண்டு. வயசான பெண்கள் உங்கள் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தால் உங்களை ஏற்றுக்கொண்டாயிற்று என்று பொருள். வெற்றிலைப் பையை அவிழ்த்துப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கிழிசல் கொடுத்தால் இன்றைக்கு உடனே எழுந்து போகிற உத்தேசம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: உங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்குள் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்கள். உங்கள் தலைக்கு மேலே பேச்சு குறுக்கே பாயும். அந்த நிமிடத்தில் வாயை மூடிக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு இந்த வேலை வராது. என்னோடு வேலை செய்த நல்ல மனிதர்கள் பலர் அந்த நிமிடத்தில்தான், "சரி, எல்லாரும் இங்க பாருங்க" என்று கை தட்டினார்கள்.

கை தட்டுவது, பாட்டுப் பாடுவது, வட்டமாக நின்று விளையாடுவது இவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிவொளிக்குப் பாட்டுதான் உயிர். கலைக்குழு வந்து போன ஊர்களில் மையம் தானாகத் தொடங்கியது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் சேர்ந்து கை தட்டுகிற கூட்டம் சேர்ந்து ஓர் இடத்துக்கு வந்துவிட்டது என்று நம்பக் கூடாது. தாளத்துக்குத் தட்டுவது எவருக்கும் வரும். பாட்டு நின்ற பிறகு வருகிற அரை நிமிடத்தில் யார் யார் பக்கம் சாய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதையெல்லாம் கேட்டால் கூட்டம் எப்போதும் மெதுவாக வரும், நடத்துகிறவர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று தோன்றும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் நேர்மாறாக நடந்தது. அவர்கள் முன்னால் போய்விட்டார்கள், நான் பின்தங்கி நின்றேன்.

சைக்கிளைத்தான் சொல்கிறேன். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதை ஷீலா ராணி சுங்கத் அறிவொளியின் பகுதியாகவே ஆக்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் இந்த மாவட்டத்தில் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்தபோது நான் இரண்டாம் பாகத்தில் இருந்தேன். இவர்களுக்கு இன்னும் கூட்டெழுத்து வரவில்லை, முதலில் பாடம் முடியட்டும், ஊரில் ஆம்பளைகள் என்ன சொல்வார்களோ, கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அவர்கள் தயாராக இல்லை என்பது என் கணிப்பு.

ஒருநாள் விடியற்காலையில் கண்மாய்ப் பக்கம் போனேன். மழை தப்பிப் போய் உள்வாய் காய்ந்து கிடந்தது. அங்கே என் மையத்துப் பெண்கள் ஆறு பேர். வாடகைக்கு எடுத்த ஒரு ஆம்பளை சைக்கிள். ஒருவர் ஏறி உட்கார்ந்திருக்க, இரண்டு பேர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சி மாதிரி இழுத்துச் செருகியிருந்தார்கள். முழங்கை, முழங்கால் எல்லாம் சரளைக் கல் கீறிய காயம். பழைய காயத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், ஒரு வாரத்துக்குக் குறையாமல் இது நடந்துகொண்டிருக்கிறது. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. "ஏங்க்கா என்ட்ட சொல்லல?" என்றேன். ஓடிவந்து மூச்சிரைக்க நின்ற அக்கா, "நீ பொஸ்தகத்த முடிக்கணும்ல தாயி" என்றார். என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. என் வேகத்துக்கு நான் வரட்டும் என்று அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள்.

அன்று இரவு புத்தகத்தை மூடி வைத்தேன். பெல், பிரேக், செயின், பெடல் என்று அவர்கள் சொன்ன சொற்களையே பலகையில் எழுதினோம். சைக்கிள் கடை வாடகையை மணிக்கணக்கில் பிரித்து, ஆறு பேருக்கு எவ்வளவு என்று வகுத்தார்கள். வகுத்தல் பாடம் எங்கள் நூலில் இன்னும் எத்தனையோ பக்கம் தள்ளி இருந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் ஆம்பளை சைக்கிளிலேயே பழகியவர்கள், அதன் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று கண்டுகொண்டு, அதுவே வசதி என்றார்கள். ஒன்பது நாள் கழித்துப் புத்தகத்தைத் திறந்தபோது கூட்டெழுத்து இரண்டே இரவில் வந்தது. குச்சிச் சத்தம் அப்படி ஓடி நான் கேட்டதில்லை.

அதே காலத்தில் ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில் நடந்ததும் இந்த மாதிரிதான். எழுத்தறிவுப் பாடத்தில் வந்த ஒரு குடும்பக் கதையைப் படித்த பெண்கள், பாடத்தை அடுத்த பக்கத்துக்கு நகர்த்தாமல் சாராயக் கடைக்கு முன்னால் போய் நின்றார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் அங்கே சாராயத்துக்குத் தடை வந்தது. அந்த மையத்தை நடத்தியவர்கள் பாடத்தை முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று பிடித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிப் பெண்கள் இன்னொரு விதம். குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்ட காலம் அது. அவர்களுக்கு அகரத்தில் நாட்டமே இல்லை. எண்ணைக் கொடு என்றார்கள். லாரி லோடும் அனுமதிச் சீட்டும் எண்ணில்தானே இருக்கின்றன. எண்ணில் தொடங்கி எழுத்துக்கு வந்தோம்.

1990களின் கடைசியில் மகளிர் குழு வேலையாகக் கடற்கரைக்குப் போனேன். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம். அங்கே நேரம் என்பது கரைக்கு யார் எப்போது வருகிறார்கள் என்பதுதான். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகு. படகு வருகிற நாளில் குழுக் கூட்டம் போட்டால் சேமிப்புப் பணம் வந்து சேரும், பெண்கள் வர மாட்டார்கள், பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். பணம் வந்துவிட்டதால் கூட்டம் நடந்ததாகப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். நான் அந்தப் பதிவேட்டை நம்பி மூன்று மாதத்தை வீணாக்கினேன்.

பின்னாளில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியலில் புயல் கடந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் கிடந்த கிடையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பலா மூன்று தலைமுறை மரம். ஒரு வாரம் கழித்து, இழப்புக் கணக்கெடுக்க ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் கீரமங்கலம் அருகே ஒரு ஊருக்குப் போனோம். கூட வந்த தம்பி கெட்டிக்காரர். படிவங்களைக் கட்டாகக் கொண்டு வந்திருந்தார். மதியத்துக்குள் நூறு வீட்டை முடிக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. முப்பது பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர் படிவத்தை விளக்கினார்: குடும்பத் தலைவர் பெயர், சர்வே எண், சேதமான மரங்களின் எண்ணிக்கை.

ஒருவரும் எண்ணிக்கை சொல்லவில்லை. "எல்லாம் போச்சு" என்றார்கள். அவர் திரும்பக் கேட்டார். "எல்லாந்தான் போச்சே, என்னத்த எண்ணச் சொல்றீக?" தம்பி என்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்த படிவக் கட்டை வாங்கி என் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். கைகள் தரையில் கோடு போட ஆரம்பித்தன. ஒரு அம்மா சொன்னார்: "வாசல்ல நின்ன பலா எங்க மாமியா வச்சது. என் மூத்தவன் பொறந்த வருஷம் மொதக் காய்ப்பு." பக்கத்திலிருந்தவர், "எங்க வீட்டுது எங்கப்பன் சீரா கொண்டாந்து வச்ச கன்னு" என்றார். அப்புறம் நான் ஒன்றும் கேட்கவில்லை. யார் வைத்த மரம், எந்தத் திசையில் நின்றது, எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை பழம் வெட்டினார்கள் என்று மரம் மரமாக வந்தது. சிலர் அழுதார்கள். ஒருவர் விட்ட மரத்தை இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். "கெணத்துமேட்டுத் தென்னைய விட்டுட்டியே." ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். தம்பி இரண்டு தடவை கைப்பேசியில் மணி பார்த்தார், பிறகு அதைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அதற்குள் பேச்சு என் தலைக்கு மேலே போக ஆரம்பித்திருந்தது. முன் வரிசையில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா, நகர்ந்து வந்து என் மடியிலிருந்த கட்டிலிருந்து ஒரு படிவத்தை உருவி எடுத்தார். "பேனாவக் குடுத்தா" என்றார். பேனாவைச் சிலேட்டுக்குச்சி பிடிக்கிற மாதிரி நுனியில் இறுக்கிப் பிடித்தார். விரல் முட்டி வெளுத்தது. எந்த ஊர் மையத்தில் படித்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. எண்ணிக்கைக் கட்டத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. "வேரோட சாஞ்சது வேற, முறிஞ்சு நிக்கிறது வேற. முறிஞ்சது தழைச்சாலும் தழைக்கும்ல?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்று பத்துக் குரல் வந்தது. படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அவர் தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் நடுவே ஒரு கோடு இழுத்தார்.